திங்கட்கிழமை மூச்சு

பனியன் கம்பெனியில் திங்கட்கிழமை ஆள் குறைந்தால் மேனேஜரிடம் காரணம் தயாராக இருக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கினான், ஞாயிற்றுக்கிழமை குடித்தான், திங்கட்கிழமை எழுந்திருக்கவில்லை. சிலர் விஷயத்தில் அது உண்மைதான். ஆனால் திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களுக்குப் பரிசோதனைக்குப் போகும் தொழில்நோய் மருத்துவர்களான நாமும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவது எனக்குப் பொறுக்கவில்லை. நம் துறையின் மிக முக்கியமான இரண்டு நோய்கள் திங்கட்கிழமையில்தான் முகம் காட்டுகின்றன.

ஒன்று பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ். ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வந்தவருக்கு, வேலை தொடங்கிச் சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும். செவ்வாய்க்கிழமை தணிந்துவிடும். லங்காஷயர் மில்களில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஷில்லிங் 1950களில் வகுத்த தரவரிசை, அந்த இறுக்கம் வாரத்தில் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதை வைத்தே நோயை அளந்தது. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும். பிறகு அதைப் பீடிக்காரரின் மூச்சிரைப்பிலிருந்து பிரித்தறிவது கடினம். எக்ஸ்ரேயும் உதவாது.

இன்னொன்று வெடிமருந்துத் தொழிலில் வருவது. நமக்கு மேற்கே நீலகிரியில், அருவங்காட்டில், நூறு ஆண்டுகளுக்கு மேலாக கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. கார்டைட் என்பது நைட்ரோகிளிசரினும் நைட்ரிக் அமிலம் ஏற்றிய பஞ்சும் சேர்ந்தது, அங்கும் பஞ்சுதான். நைட்ரோகிளிசரினைக் கையாள்பவரின் ரத்தக் குழாய்கள் வார நாட்களில் அதற்குப் பழகிவிடும். விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போக, திங்கட்கிழமை தலை பிளக்கும். சிலருக்கு ஓய்வு நாளின் கடைசியில் இதயக் குழாய் சுருங்கித் திடீர் மரணமே நேர்ந்திருக்கிறது. நோய் எந்தக் கிழமை வந்தது என்று கேட்காத மருத்துவர் இந்த இரண்டையும் தவறவிடுவார்.

கிழமையோடு, வேலையின் வரலாறும் தெரிய வேண்டும்; நமக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. ராணுவ மருத்துவமனையில் தொழில்நோய் பார்க்கும் மருத்துவரின் நிலை வேறு. எதிரே உட்கார்ந்திருப்பவர் பீரங்கிப் படையா, ஒர்க்‌ஷாப்பா, எத்தனை வருடம் எங்கே இருந்தார் என்பதெல்லாம் ஆவணமாகவே வந்துசேரும். மனநலம், செவி, கைகால், உடல்நிலை, கண் ஆகிய ஐந்தையும் தரம் பிரிக்கும் ‘ஷேப்’ முறை இருக்கிறது. காது மந்தமானவர் எந்தப் பணிக்குப் போகக் கூடாது என்று எழுத மருத்துவருக்கு அதிகாரமும் உண்டு. ஊர் மாறினாலும் யூனிட் மாறினாலும் அந்தப் பதிவு ஆளோடு போகிறது. தொழில்நோய் மருத்துவத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடையாது.

அந்த முறையின் நிழல் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தரம் இறங்கினால் பதவி உயர்வு பாதிக்கும் என்பதால் வலியை மறைக்கும் வீரர்கள் எந்த நாட்டுப் படையிலும் உண்டு. நோயாளிக்கு மருத்துவரா, கமாண்டருக்கு மருத்துவரா என்ற இழுபறி அங்கே தினமும் நடக்கிறது. கம்பெனியிடம் ஃபீஸ் வாங்கும் நமக்கும் அதே இழுபறிதான்.

முதலிபாளையத்துக்கு வருவோம். இங்கே எல்லா யூனிட்டும் பிஸினோசிஸ் களம் அல்ல. கச்சாப் பஞ்சைப் புடைக்கும் புளோரூமிலும் கார்டிங்கிலும் உள்ள ஆபத்து தையல் ஹாலில் இல்லை. சாயமேறிய துணியின் தூசி அத்தனை கெடுதலும் செய்யாது. ஆனால் இன்று ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் போன வருடம் ஸ்பின்னிங் மில்லில் இருந்திருக்கலாம். நிட்டிங்கில் நிற்கும் ஒடிசா இளைஞர் அதற்கு முன் கழிவுப் பஞ்சில் நூல் எடுக்கும் ஓஈ மில்லில் இருந்திருக்கலாம். ரேட் பத்து பைசா கூடினால் கம்பெனி மாறும் ஊர் இது. மாறியவர் பின்னால் அவர் மூச்சின் கணக்கு போவதில்லை. நாம் எடுத்த ரிப்போர்ட் பையரின் ஆடிட்டுக்காக கம்பெனி ஃபைலில் கிடக்கிறது.

இதனால் இழப்பு பணமாகவும் வருகிறது. இஎஸ்ஐக்கான சட்டம் சில நோய்களை வேலையால் வந்த காயமாகவே கொள்கிறது. மூன்றாம் அட்டவணையின் ‘சி’ பகுதியில் பிஸினோசிஸும் உண்டு. அந்தப் பகுதிக்கு மட்டும், கார்ப்பரேஷன் குறிப்பிடும் காலம்வரை அந்த வேலையில் தொடர்ந்து இருந்ததைக் காட்ட வேண்டும். பத்து கம்பெனி மாறியவர் எதை வைத்துக் காட்டுவார்? அவரிடம் மாறாமல் இருப்பது இஎஸ்ஐ எண் ஒன்றுதான். நாம் எடுக்கும் ஒவ்வொரு ஸ்பைரோமெட்ரி, காதுப் பரிசோதனை முடிவையும் அந்த எண்ணோடும், செய்த வேலையின் பெயரோடும் சேர்த்து, ஒரு பிரதியைத் தொழிலாளி கையில் கொடுக்க வேண்டும். ‘ஹெல்பர்’ என்று எழுதினால் போதாது. கட்டிங்கா, டையிங்கா, கார்டிங்கா என்று எழுத வேண்டும். கம்பெனிக்கு வேலைத் தகுதி மட்டும் தெரிந்தால் போதும்.

நாளும் முக்கியம். கேம்ப் வண்டி வசதிப்பட்ட புதன்கிழமை வந்து எடுக்கும் ஒற்றை அளவு பஞ்சு நோயைக் கண்டுபிடிக்காது. அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பஞ்சுத் தூசி விதி, புதிதாகச் சேர்பவருக்குக் குறைந்தது 35 மணி நேரம் தூசி படாமல் இருந்தபின் ஷிப்டுக்கு முன் ஒருமுறை, வேலை தொடங்கி 4 முதல் 10 மணி நேரத்துக்குள் மறுமுறை ஊதச் சொன்னது. நமக்கு அது திங்கட்கிழமை காலையும் மாலையும். ஒன்றரை ஷிப்டு ஓடும் கம்பெனியில் இதற்கு நேரம் கேட்டால் முகம் சுளிப்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

அதே விதி, மாஸ்க் அணிய முடியாதவரைத் தூசியில்லாத வேலைக்கு மாற்றும்போது சம்பளம் குறையக் கூடாது என்றும் சொன்னது. 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதியை ஏற்றுக்கொண்டு அந்த ஒரு உறுதியை மட்டும் ரத்து செய்தது. பீஸ் ரேட்டில் வாழ்பவரிடம் நாம் வேலையை மாற்றச் சொல்லும்போது இந்தச் சம்பளக் குறைவுதான் குறுக்கே நிற்கிறது. தகுதிச் சான்றில் ‘பிரிவு மாற்றவும்’ என்று எழுதுபவர், மாற்றினால் வாரச் சம்பளம் எவ்வளவு குறையும் என்று அக்கவுண்ட்ஸில் கேட்டுவிட்டு, அதைப் பற்றி நிர்வாகத்திடம் பேசிவிட்டு எழுதட்டும். நோயைக் கண்டால் அரசுக்கு எழுத்தில் அறிவிப்பது பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலும் 2020ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் மருத்துவர் தலையில் உள்ள கடமை. அதற்குக் கம்பெனியின் சம்மதம் தேவையில்லை.