புளியரை தாண்டி வரும் பழைய வண்டி

மாட்டுச் சந்தைக்குப் போகும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடத்திப் பார்ப்பார். அதன் பிறகுதான் துண்டுக்குள் கை போகும். அதே விவசாயி பழைய மினி லாரி வாங்கும்போது என்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, டயரை ஓர் உதை உதைத்துவிட்டு முன்பணம் கொடுத்து விடுகிறார். வண்டிக்குப் பல்லும் சுழியும் அதன் காகிதங்களே என்பதை மறந்து விடுகிறார். வண்டி ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதானால் இந்த மறதிக்கு விலை அதிகம்.

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, பாவூர்சத்திரம் வட்டாரத்துக் காய்கறிக்குக் கேரளம் பெரிய சந்தை. ஓணம் நெருங்கும்போது கத்தரி, வெண்டை, தக்காளி, முருங்கை எல்லாம் புளியரை வழியாக மலையேறுகின்றன. வாடகை கொடுத்து மாளவில்லை என்று சிறு விவசாயிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொந்த வண்டி வாங்க நினைப்பது இயல்பு. புனலூர், கொல்லம் பக்கம் விலை குறைவு என்று புரோக்கர் சொன்னதும் ஆசை பிறக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூரோடுதான் இருந்தது. உறவும் வியாபாரமும் இன்றும் எல்லை பார்ப்பதில்லை. வண்டியின் நம்பர் பலகை மட்டும் எல்லை பார்க்கிறது.

சட்டம் கேட்பது என்ன?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டியை வேறு மாநிலத்தில் பதிய வேண்டுமானால், முதலில் பதிவு செய்த அலுவலகம் தடையில்லாச் சான்று தர வேண்டும். படிவம் 28-ல் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். வரி பாக்கி இல்லை, திருட்டு வழக்கு இல்லை என்று பார்த்த பிறகே சான்று தருவார்கள். வண்டி மேல் கடன் இருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் சம்மதம் வேண்டும். கடன் தீர்ந்திருந்தாலும், படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து அந்தக் குறிப்பை நீக்கியிருக்க வேண்டும். கேரளத்துச் சரக்கு வண்டிக்கு மோட்டார் தொழிலாளர் நல நிதி கட்டிய ரசீதும் உண்டா என்று பார்க்க வேண்டும். அது இல்லாமல் அங்கே வரி வாங்குவதில்லை. வரி கட்டாமல் சான்று இல்லை.

சான்று வந்தபின் தென்காசி அலுவலகத்தில் பெயர் மாற்றம், புதிய எண், தமிழக வரி என்று அடுத்த கட்டம் தொடங்கும். வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தகுதிச் சான்றான எப்.சி., 8 ஆண்டு வரையிலான வண்டிக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை. அதற்கு மேல் ஆண்டுதோறும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்பது ஓர் ஆறுதல்.

“வெளிமாநில நம்பரில் ஒரு வருஷம் ஓட்டலாம்” என்று புரோக்கர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. 12 மாதம் என்பது புதிய எண் வாங்குவதற்கான கெடு. பெயர் மாற்றத்துக்கு வாங்கியவருக்கு உள்ள கெடு 30 நாள்தான். தமிழகத்தில் வைத்து ஓட்டும் வண்டிக்குத் தமிழக வரியும் கட்டியாக வேண்டும்.

லாபம் எங்கே போகிறது?

இங்கே 2,50,000 ரூபாய் சொல்லும் வண்டி அங்கே 2,10,000-க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 40,000. காகிதம் வராமல் ஓணம் சமயத்தில் வண்டி 20 நாள் சும்மா நின்றால், நாளுக்கு 1,200 ரூபாய் வீதம் வாடகை வண்டிக்கே 24,000 போய்விடும். வரி, கட்டணம், எப்.சி.க்கான பழுது வேலை, புனலூருக்கு நடந்த செலவு எல்லாம் சேர்த்தால் மிச்சம் ஏது?

பணம் போனால் சம்பாதிக்கலாம். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் நிலத்தையே விற்க நேரிடும். இன்சூரன்ஸ் பழைய சொந்தக்காரர் பெயரில் இருந்தால், வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது கடினம். விற்றவருக்கும் நிம்மதி இல்லை. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

அரசுகள் செய்ய வேண்டியது

திருட்டு வண்டி கைமாறாமல் இருக்கச் சோதனை தேவைதான். அதற்காக ஏழை விவசாயியை அலைக்கழிக்க வேண்டியதில்லை. சான்று மறுக்கப்பட்டதாக 30 நாளுக்குள் தெரிவிக்காவிட்டால், வழங்கியதாகவே கொள்ள வேண்டும் என்று சட்டத்தின் 48-ஆம் பிரிவே சொல்கிறது. அது ஏட்டோடு நிற்காமல் நடைமுறைக்கு வர வேண்டும். சரக்குக்கான விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் எடுக்கப்பட்டன. சரக்குக்குக் கிடைத்த வழி, அதைச் சுமக்கும் வண்டிக்கும் கிடைக்கலாம். இரு மாநில அலுவலர்களும் மாதம் ஒரு நாள் செங்கோட்டையில் சேர்ந்து உட்கார்ந்தால் பாதி அலைச்சல் தீரும். வரி விவரத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டினால் புரோக்கர் தயவு வேண்டாம்.

விவசாயி செய்ய வேண்டியது

அதுவரை விவசாயிகள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும். ஆர்.சி.யில் உள்ள என்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒத்துப் பார்க்கவும். எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டு எப்.சி., இன்சூரன்ஸ், வரி, கடன் விவரங்களைப் பார்க்கவும்; வீட்டுப் பிள்ளைகள் செய்து தருவார்கள். கேரளத்தில் மழை அதிகமாதலால் அடித்தட்டிலும் சேஸிஸிலும் துருவைத் தேடவும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்கு முந்தைய வண்டியானால், தண்ணீரில் மூழ்கியதா என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்க்கவும். தமிழக வரி எவ்வளவு என்று தென்காசி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். அந்தத் தொகையையும் சேர்த்த பிறகே விலை பேச வேண்டும்.

முன்பணம் சிறிதாக இருக்கட்டும். தடையில்லாச் சான்று கைக்கு வந்த பிறகே பாக்கிப் பணம் கையை விட்டுப் போக வேண்டும். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால், அந்த வண்டி எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுவதே மேல்.