பூனைகளின் கருத்தடைச் சிகிச்சையும் மயக்க மருந்தும்

பத்தாயமும் வைக்கோற்போரும் உள்ள வீட்டில் பூனை வேண்டாமென்பார் இல்லை. ஆயினும் பெட்டைப் பூனை சுமார் ஆறு மாத வயதிலேயே பருவமடைந்து, சினைப்பட்ட ஏறக்குறைய 65 நாட்களில் குட்டி ஈன்று, வருஷத்தில் இரண்டு மூன்று ஈற்றுகளையும் காணக்கூடியது. மிஞ்சிய குட்டிகளைச் சாக்கிற் கட்டிக் குளத்தங்கரையில் விட்டுவரும் வழக்கம் நமக்குப் பெருமை தருவதன்று. கருத்தடைச் சிகிச்சையே தக்க வழியென்றால், மயக்கம் கொடுத்த பூனை எழுந்திராது என்னும் ஆட்சேபமே விவசாயிகளிடமிருந்து வருகின்றது.

இவ்வச்சம் முற்றும் ஆதாரமற்றதன்று. மயக்கம் ஆழ ஆழ மூச்சும் இரத்த அழுத்தமும் தாழும். சிறு பிராணியாதலின் உடற்சூடும் விரைவில் இறங்கும். ஆகவே மயக்க மருந்தைக் குறைத்தல் நன்றே. ஆனால் மருந்தைக் குறைத்துவிட்டுப் பிராணியை நால்வர் அமுக்கிப் பிடிப்பது சிக்கனமன்று, கொடுமை. வலியைக் குறைத்தால் மயக்க மருந்தின் தேவை தானே குறையும் என்பதே எமது கட்சி.

இச்சிகிச்சையில் தோலை அறுப்பதைக் காட்டிலும், சினைப்பையை அதன் பிணைப்பு நாரோடு வெளியே இழுக்கும் சமயமே வலியை மிகுதியாகத் தூண்டுவது. இருதயம் படபடக்கும், பிராணி அசையவும் கூடும், வைத்தியர் மயக்கத்தை மேலும் ஆழப்படுத்த நேரிடும். முன்னதாகவே அபின் இனத்து வலிநீக்கி ஊசி போட்டு, அறுக்கும் இடத்திலும் அந்நாரிலும் லிக்னோகெயின் அல்லது புபிவாகெயின் என்னும் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்தினால் அந்நெருக்கடி தணிகிறது.

இம்மருந்துகளைப் பூனை அதிகம் தாங்காது என்பதை மறத்தலாகாது. புபிவாகெயின் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. இரத்தக் குழாய்க்குள் செல்லவே கூடாது. 3 கிலோ எடையுள்ள பூனைக்கு 6 மில்லிகிராம், அதாவது நூற்றுக்கு அரைப் பங்குக் கரைசலில் 1.2 மில்லிலிட்டரே உச்ச அளவாம். கண்ணளவில் கொடுக்கும் காரியமா இது? நெல்லை நிறுக்க ஊர்தோறும் தராசு உண்டு. பூனையை நிறுக்காமல் மருந்திடுவதற்கு நியாயம் யாதும் இல்லை.

சிகிச்சை முகாமுக்கு ஏற்பாடு செய்யும் கிராம உத்தியோகஸ்தர்கள் பந்தலுக்கும் மாலைக்கும் முன்பு சிறு எடைகளைச் சரியாகக் காட்டும் தராசு, கம்பளித் துணி, பூனைகள் தெளிந்து நடக்கும்வரை காவலிருக்க ஓர் ஆள் ஆகியவற்றைத் தேடி வைப்பாராக. வீடு திரும்பியபின் வலிக்கென்று மனிதருக்குரிய பாராசிட்டமால் மாத்திரையை எவரும் கொடுக்க வேண்டா. பூனைக்கு அது நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கவல்லது.