செயலியையும் வயலில் சோதிக்க வேண்டும்

1966-ம் ஆண்டு ஐ.ஆர். 8 நெல் வெளிவந்தபோது விளைச்சலில் அதற்கு நிகர் இல்லை. ஆராய்ச்சிப் பண்ணையில் தேறிவிட்டது. ஆனால், அரிசி பருமன், ஆறினால் சோறு விறைக்கிறது என்று சாப்பிட்டவர்கள் முகம் சுளித்தார்கள். அதன் பிறகே ருசியையும் கவனித்து வேறு ரகங்கள் வந்தன. இன்று புதிய ரகங்களை விவசாயிகளின் வயல்களிலும் பயிரிட்டுப் பார்த்துவிட்டே வெளியிடுகிறார்கள்.

விதைக்குள்ள இந்த விதி, விவசாயிகளுக்கென்று செய்யப்படும் கம்ப்யூட்டர் மென்பொருளுக்கும் வேண்டும்.

மென்பொருள் செய்பவர்கள் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். சொன்னபடி செய்திருக்கிறோமா? பயன்படுத்துகிறவருக்கு வேண்டியதைச் செய்திருக்கிறோமா? முதல் கேள்விக்கு அலுவலகத்திலேயே விடை கிடைக்கும். இரண்டாவதற்கு வரப்பில் இறங்கியாக வேண்டும்.

பி.எம். கிசான் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வரும் உதவி. அதைப் பெற ஆதார் மூலம் ஆளை உறுதி செய்ய வேண்டும். ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு வரும் எண்ணைப் பதிய வேண்டும். அல்லது சேவை மையத்தில் விரல் வைக்க வேண்டும். மென்பொருள் சொன்னபடியே வேலை செய்யலாம். ஆனால் நாற்பது ஆண்டு மண்வெட்டி பிடித்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். செல்போன் நம்பரும் மாறியிருந்தால் அந்தப் பெரியவர் என்ன செய்வார்? 2,000 ரூபாய்த் தவணை உர மூட்டைக்கு ஆகும் பணம் அல்லவா?

2023 ஜூன் மாதம், முகத்தைக் காட்டியே உறுதி செய்யும் வசதி செயலியில் வந்தது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் பத்து முதிய விவசாயிகளைத் தொடக்கத்திலேயே அழைத்து விரல் வைத்துப் பார்த்திருந்தால், இந்தத் தேவை அன்றே புலப்பட்டிருக்கும்.

இனி எந்தச் செயலியானாலும் வெளியிடும் முன் சிறு விவசாயிகளின் கையில் கொடுத்துப் பார்க்கட்டும். சிக்னல் குறைந்த வயலில் திறக்கிறதா? நிலத்தை ஹெக்டேரில் கேட்காமல் ஏக்கர், சென்ட்டில் கேட்கிறதா? தப்பாக அழுத்திவிட்டால் திரும்ப வழி உண்டா? பக்கத்தில் நின்று சொல்லித் தரக் கூடாது. எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

நமக்கும் பொறுப்பு உண்டு. "எனக்குப் படிப்பு பத்தாது" என்று பேசாமல் திரும்பிவிடுகிறோம். விதை முளைக்காவிட்டால் விதைத்தவனையா குறை சொல்வோம்? எந்த இடத்தில் நின்றது என்று எழுதி, அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள்.