பணிவிடை யாருடைய கடமை?



யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து ஐந்து மாதமாகிறது. வலப்பக்கம் இயங்கவில்லை. பேச்சும் குழறுகிறது. கணவர் கத்தாரில். மைத்துனர் ஒருவர் புத்தளத்தில், மற்றவர் கொழும்பில். ஊட்டுவது, கழுவுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். சில வேளைகளில் எரிச்சல் வருகிறது. இது பாவமா மௌலவி?"

களைப்பினால் உள்ளத்தில் எழும் எரிச்சல் பாவமல்ல, சகோதரி. அது நாவிலும் கையிலும் வெளிப்பட்டு நோயாளியை நோகடிக்காமல் காத்துக்கொண்டால் போதும். ஆனால் உங்கள் கடிதத்தை உங்களை விட உங்கள் கணவரும் மைத்துனர்மாரும்தான் வாசிக்க வேண்டும்.

பெற்றோருக்குப் பணிவிடை செய்வது பெற்ற பிள்ளைகளின் கடமை. மருமகள் செய்வது உபகாரம். அதற்கு அல்லாஹ்விடம் பெரும் நற்கூலி உண்டு. உபகாரத்தைக் கடமையாக்கி ஒருத்தியின் தலையில் ஏற்றிவிட்டு, "வாப்பா எப்படி?" என்று தொலைபேசியில் விசாரிப்பதோடு மகனின் பொறுப்பு முடிந்துவிடாது. மாமனார் மருமகளுக்கு மஹ்ரம்தான். என்றாலும் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட அவ்ரத்தைக் கழுவிச் சுத்தம் செய்ய ஆண் துணை கிடைக்குமானால் அதுவே முறை. பேச முடியாமல் கிடக்கும் அந்தப் பெரியவரின் வெட்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முன்பு ஒரு வீட்டில் நோய் என்றால் அடுத்த வீட்டிலேயே தம்பியும் மச்சானும் இருந்தார்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அந்த அயலும் உறவும் சிதறின. திரும்பி வந்து குடியேறிய பல வீடுகளில் இன்று ஆள்பலம் குறைவு. ஆகவே பணிவிடையைத் திட்டமிட்டே பங்கிட வேண்டும். தூரத்திலுள்ள மகன்மார் முறை வைத்து வந்து தங்கட்டும். வர முடியாதவர், குளிப்பாட்டவும் தூக்கி இருத்தவும் ஓர் ஆண் உதவியாளரைச் சம்பளம் கொடுத்து அமர்த்தட்டும். வாரத்தில் ஒரு நாளாவது மருமகள் நிம்மதியாக உறங்கவும் தாய் வீடு போய்வரவும் வழி செய்யட்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பாரிசவாதத்தில் விழுங்கும் தசைகளும் தளர்ந்துவிடலாம். படுத்த நிலையில் கஞ்சியோ தேநீரோ வார்த்தால் அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். நிமிர்த்தி இருத்தி, சிறுகச் சிறுக ஊட்டி, அதன்பின் அரைமணி நேரம் அப்படியே இருக்க விடுங்கள். குடிக்கும்போது புரையேறினால் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஓதிய தண்ணீரும் ஸம்ஸமும் இதற்கு விலக்கல்ல. நோயாளிக்காக ஓதுங்கள், துஆச் செய்யுங்கள். விழுங்க முடியாதவரின் வாயில் மட்டும் எதையும் ஊற்ற வேண்டாம்.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிவிடுங்கள், படுக்கைப்புண் வராது. இயங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடும். பேச வராதவருக்கு அறிவு போய்விட்டதென்று எண்ணி, அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசாதீர்கள். சிறிய கேள்வியாகக் கேட்டு, பதிலுக்குப் பொறுத்திருங்கள். இந்நோய் கண்டவர்களில் மூவரில் ஒருவரை மனச்சோர்வு பிடிக்கிறது. காரணமில்லாமல் அழுவதும் உணவை மறுப்பதும் பிடிவாதமென்று முடிவுகட்ட வேண்டாம்.

இன்னொன்று. "சரியாகப் பயிற்சி கொடுக்கவில்லை, அதனால்தான் வாப்பாவின் கை வரவில்லை" என்று வீட்டிலுள்ள பெண்ணைக் குறை சொல்வோர் உண்டு. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று 2017இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. ஒரு பிரிவில் குடும்பத்தவருக்குப் பயிற்சி முறைகளைக் கற்பித்து வீட்டில் செய்விக்கச் சொன்னார்கள். மறு பிரிவுக்கு வழமையான சிகிச்சை மட்டுமே. ஆறு மாதத்தின் பின் பார்த்தால், இரு பிரிவிலும் 100க்கு 47 பேர் இறந்திருந்தார்கள் அல்லது பிறர் தயவில் இருந்தார்கள். ஆகவே கை வராதது உங்கள் குற்றமல்ல, சகோதரி. வீட்டாரின் அன்பு, தேர்ந்த சிகிச்சையாளருக்குப் பதிலாகிவிடாது. போதனா வைத்தியசாலையில் கொடுக்கும் கிளினிக் திகதிகளையும் பிசியோதெரபி நாட்களையும் தவறவிடாதீர்கள். அழைத்துச் செல்வதை மகன்மார் பொறுப்பேற்கட்டும்.

நோயாளிக்கு நினைவு தெளிவாக இருந்தால் தொழுகைக்கும் உதவுங்கள். நிற்க முடியாதவர் இருந்தும், அதுவும் முடியாதவர் விலாப்புறமாகப் படுத்தும் தொழலாம். தண்ணீர் நோய்க்குக் கேடு செய்யுமானால் தயம்மும் உண்டு. "இனி நீங்கள் தொழத் தேவையில்லை" என்று சொல்லி அவர் மனத்தை உடைக்காதீர்கள்.

ஒரு முறை வந்த நோய் மறுமுறையும் வரலாம். பிரஷர், சீனி மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். வாய் ஒரு பக்கம் கோணினால், தூக்கிய கை தானாகக் கீழே விழுந்தால், பேச்சுக் குழறினால், கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 1990ஐ அழையுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் வட மாகாணத்திலும் உண்டு. நமக்கு மறக்க முடியாத ஆண்டின் இலக்கம்தான் அது. அடைப்பைக் கரைக்கும் மருந்து, பொருத்தமானவர்களுக்கு, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றப்பட வேண்டும்.

சகோதரி, இந்தப் பக்கத்தைக் கணவருக்கு அனுப்பி வையுங்கள். உதவி கேட்பது பொறுமையின்மை ஆகாது. உங்கள் மாமாவுக்கு அல்லாஹ் ஷிபாவையும், உங்களுக்கு நற்கூலியையும், அவருடைய பிள்ளைகளுக்குக் கடமையுணர்வையும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.