வெறும் பெயர்தானே?

அமெரிக்காவில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படைத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன். வர்ஜீனியாவின் ஷெனன்டோவா மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அவர் பெயரை வைத்தது போர்க்காலத்தில் அல்ல, 1959இல். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு. ஆக, அந்தப் பெயர் சமத்துவத்துக்கு எதிரான பதில்.

2020இல் பெயரை நீக்கினார்கள். 2024இல் பள்ளி வாரியம் 5-1 என வாக்களித்து மீண்டும் சூட்டியது.

நமக்கு இது புதிதல்ல. மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978இல் மகாராஷ்டிர சட்டமன்றம் தீர்மானித்ததும் தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. பெயர் வந்தது 1994இல்தான்.

"வெறும் பெயர்தானே" என்பவர்களிடம் நாம் கேட்போம்: வெறும் பெயருக்கா வீட்டைக் கொளுத்தினீர்கள்?