வாய் அடங்க வலம் சிறக்கும்

ஆலயத்தை வலம்வருவதற்கு நான்கு அங்கங்கள் உண்டு என்று முன்னோர் வகுத்தனர். அடிமேல் அடிவைத்து மெல்ல நடத்தல், கைகளை வீசாதிருத்தல், நாவில் இறைவன் புகழைத் தாங்குதல், நெஞ்சில் அவன் திருவுருவை நினைத்தல் ஆகியவையே அவை. இந்த நான்கும் கூடியதே பிரதட்சிணம்.

இவற்றுள் இக்காலத்தில் எளிதில் நழுவுவது மூன்றாவது அங்கம். நாமம் இருக்க வேண்டிய நாவில் வீட்டுக் கணக்கும், மூட்டுவலியும், உறவினர் மீதான குறையும் வந்து அமர்கின்றன. நாவு ஊர்க்கதையில் இருக்கையில் நெஞ்சு மட்டும் சந்நிதியில் நிற்பதில்லை. மூன்றாவது அங்கம் போனால் நான்காவதும் உடன் போய்விடுகிறது.

ஒரகடத்தை ஒட்டியுள்ள சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களில் இதனை எண்ணிப் பார்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் இன்று தொழிற்சாலைகளின் நிலம். வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் சரக்கு லாரிகளும், ஷிப்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளும் ஓடுகின்றன. தினமும் சற்று நடக்கும்படி மருத்துவர் சொன்ன முதியவருக்கு அத்தகைய சாலை ஏற்றதன்று. வண்டிகள் நுழையாத கோயில் பிராகாரமே அவருக்கு நடைபாதை, அதுவே வழிபாட்டிடம். மதிலுக்கு வெளியே எழும் ஓசையை அவரால் நிறுத்த இயலாது. தம் வாயிலிருந்து எழும் ஓசையை நிறுத்த இயலும்.

சிவாலயத்தில் கிழக்கிலிருந்து வலம் தொடங்குவோர் முதலில் அடைவது தென்புறம். அங்கே கருவறையின் கோட்டத்தில், கல்லாலின் கீழ், தென்முகமாக எழுந்தருளியிருப்பவர் தட்சிணாமூர்த்தி. சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் ஆகிய நால்வருக்கும் அவர் சொல்லின்றியே உபதேசித்தார். வேதங்களைக் கற்றும் தீராத அவர்களுடைய ஐயம் அந்த மௌனத்தில் தீர்ந்தது. வியாழக்கிழமைகளில் அவருக்கு மஞ்சள் வஸ்திரமும் கொண்டைக்கடலை மாலையும் சாத்துகிறோம். பேசாமல் போதித்த அந்த ஆசான் முன்பாகப் பேசிக்கொண்டே கடந்து செல்வது பொருந்துமா?

மௌனம் என்பது நாமத்தை நிறுத்துவதன்று, நாமத்தை உள்ளே இறக்குவது. ஜபம் மூவகைப்படும். பிறர் கேட்க உரைப்பது வாசிகம். உதடு மட்டும் அசைய ஓதுவது உபாம்சு. மனத்துக்குள்ளேயே ஓதுவது மானசம். ஒன்றைவிட அடுத்தது உயர்ந்தது என்று மனு ஸ்மிருதி சொல்லுகிறது. முதல் சுற்றில் வாய்விட்டும், அடுத்த சுற்றில் உதட்டளவிலும், மூன்றாம் சுற்றில் உள்ளத்திலுமாக நாமத்தைக் கொண்டு சென்றால் மூன்று சுற்றுக்குள் மௌனம் தானே கைகூடும்.

ஸ்ரீ ரமண மகரிஷி 1896-ஆம் ஆண்டு, தம் பதினாறாம் வயதில், திருவண்ணாமலையை அடைந்து, தொடக்க ஆண்டுகளில் பேச்சின்றியே இருந்தார். பின்னாளில் அவர் அடியார்களுடன் பலமுறை கிரிவலம் வந்தார். மலையைச் சுற்றும் அந்த வழி 14 கிலோமீட்டர். நிறைமாத அரசி நடப்பதுபோல் அடியோசை எழாமல், மெதுவாகச் சுற்ற வேண்டும் என்பது அங்கு வழங்கும் மரபு. விரைவது அதன் நோக்கமன்று, ஒவ்வோர் அடியையும் அறிந்து வைப்பதே நோக்கம்.

மரபு சொன்ன இந்த ஒழுங்கில் உடலுக்கும் காப்பு உண்டு. 1997-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், காப்பு இல்லங்களில் வாழ்ந்த 58 முதியோரை நடக்கச் செய்து, நடக்கும்போதே பேச்சுக் கொடுத்தனர். அவர்களுள் 12 பேர், விடை சொல்ல வேண்டி நடையை நிறுத்தினர். அந்தப் பன்னிருவருள் 10 பேர் அடுத்த ஆறு மாதங்களுக்குள் கீழே விழுந்தனர். வயது ஏற ஏற, நடைக்கும் கருத்து வேண்டும். பேச்சு அந்தக் கருத்தைப் பங்கு கேட்கிறது. பிராகாரத்திலோ வடபுறம் கோமுகியருகே அபிஷேக நீர் தேங்கியிருக்கும், விளக்கருகே எண்ணெய் சிந்தியிருக்கும், எதிர்பாராத இடத்தில் ஒரு படி இருக்கும். முதுமையில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மீண்டும் பிராகாரம் காண்பதே அரிதாகிவிடக்கூடும். வாய் மூடியிருந்தால் கண் காலடியைக் காக்கும்.

ஆயினும் மௌனத்துக்கும் எல்லை உண்டு. நடுவில் ஒரு முறை நாமத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். மூச்சு முட்டாமல் வந்தால் நடை அளவானது; முட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் பாரமோ, தலைச்சுற்றலோ தோன்றினால் விரதம் கெடுமே என்று தயங்காமல் உடனே நின்று, அருகிலிருப்பவரை அழைக்க வேண்டும். சேரப்பணஞ்சேரிக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டு அவதரித்த இராமாநுஜர், மறைத்துக் காக்கச் சொல்லப்பட்ட திருமந்திரப் பொருளைத் திருக்கோஷ்டியூரில் எல்லோரும் கேட்க உரைத்தார் என்பது குருபரம்பரை வரலாறு. பிறர் உய்வதற்கான சொல்லை அவர் அடக்கவில்லை. உயிரைக் காக்கும் சொல்லும் அடக்கத்தக்கதன்று.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் பகல் ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்குமாகச் சென்றுவிட, நாள் முழுதும் பேச ஆளின்றி இருக்கும் மூத்தோர் பலர். அவர்களுக்கு வீட்டில் வாய்த்திருப்பது மௌனமன்று, தனிமை. ஒருவர் தாமே விரும்பி ஏற்பது மௌனம். மற்றவர்கள் அவர்மேல் சுமத்துவது தனிமை. கோயிலுக்கு வந்தும் பேசக்கூடாதென்றால் அவர்கள் எங்கே போவார்கள்?

அதற்கும் ஆலய மரபிலேயே இடமிருக்கிறது. வலம் முடித்து, கொடிமரத்தருகே வணங்கியபின் சற்று அமர்ந்து செல்வது வழக்கம். அந்த அமர்வு உரையாடலுக்கு உரியதாகட்டும். நடக்கும் கால்மணி நேரம் இறைவனுக்கு; அமரும் கால்மணி நேரம் அடியார்க்கு. தனித்து வந்திருக்கும் ஒருவரை அருகழைத்து, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதும் வழிபாட்டின் நிறைவே. சுற்றி வருகையில் சிதறாமல் சேர்த்துவைத்த சொல், அங்கே அன்பாகச் செலவாகும்.