கற்பூர வியாபாரம்

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து ஆபீஸ் நண்பர்கள் சிலருக்கு ஓர் ஆசை: வேலையை விட்டுவிட்டு, வீட்டு மாடியிலேயே டி-ஷர்ட் பிரின்டிங். யோசனை கேட்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில், "எந்த பிரின்டர் வாங்கலாம் சார்?" என்கிறார்கள்.

"முதல்ல எந்தத் துணினு சொல்லுங்க" என்பேன்.

"திருப்பூர் காட்டன்தான்!"

போச்சு!

சப்ளிமேஷன் என்பது கற்பூர சமாசாரம். பேப்பரில் அடித்த மை, சுமார் 200 டிகிரி சூட்டில் உருகாமலே ஆவியாகி, பாலியெஸ்டர் நூலுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். காட்டனில் தங்காது, நாலு சலவையில் தலைவர் முகம் வெளுத்துவிடும். கறுப்புத் துணியும் ஆகாது; இந்த மையில் வெள்ளை கிடையாது.

பிரின்டரில், மையைச் சூடாக்கித் துப்பும் தெர்மல் ரகம் வேண்டாம். பீசோ ரகம் பாருங்கள். அதில் மிச்சம் பிடித்தாவது நல்ல ஹீட் பிரஸ் வாங்குங்கள். தட்டு முழுக்க ஒரே சூடு இல்லையென்றால் நடுவில் தலைவர் பளிச், ஓரத்தில் ஆவி!

கடைக்காரர் காட்டும் சாம்பிளில் மயங்காதீர்கள். உங்கள் துணியையே கொடுத்து அடிக்கச் சொல்லி, பத்து தடவை துவைத்துப் பாருங்கள். ராஜினாமாக் கடிதமெல்லாம் அப்புறம். பி.எஃப். பணமும் கற்பூரம்தான் சார். பற்றிக்கொண்டால் சாம்பல்கூட மிஞ்சாது!